சொல்லி எழுதிய கதைகள்

திருவண்ணாமலை என்றதும் அருணாசலேசுவரரை நினைத்துக்கொண்டு வட ஆற்காட்டுப் பக்கம் கிளம்பிவிடாதீர்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை உண்டு. சின்னக் குன்று, குன்றின்மேல் ஸ்ரீநிவாசப் பெருமாள். தென் திருப்பதி என்று பெயர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஜனங்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்களோ என்று தோன்றும்.

அப்படிப்பட்ட ஒரு சனிக்கிழமை, படியேறி இளைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த பெரியம்மாள் ஒருத்தி, நான் கதை எழுதுகிறவள் என்பதை என்னோடு வந்த பெண்ணிடம் தெரிந்துகொண்டுவிட்டாள். 1875-லேயே பென்னிங்டன் நூல்நிலையம் ஏற்பட்டுவிட்ட ஊர்க்காரியல்லவா? கதை எழுதுகிறவர்களைக் கண்டு மிரளுகிற வழக்கம் அங்கே கிடையாது.

"ராத்திரியில எழுதுவீகளா, பகல்லயா?" என்று கேட்டாள்.

"காலையில், அம்மா. விடிந்ததும் மூன்று மணி நேரம்."

"அப்ப வீட்டுல உலை வைக்கிறது யாரு?"

நாவலாசிரியர்களின் தினசரிப் பழக்கங்களைப்பற்றி உலகத்தில் எத்தனையோ எழுதியிருக்கிறார்கள். இன்னார் நின்றுகொண்டு எழுதினார், இன்னார் காபி குடித்துக் குடித்து எழுதினார் என்றெல்லாம் படித்திருக்கிறோம். உலை வைத்தது யார் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. இந்தக் கேள்விக்கு நியாயமாகப் பதில் சொல்லவேண்டுமானால் என் கதையைவிட ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெண்ணின் பெயரைக் கொண்ட இன்னொருவருடைய கதை உதவும். ஆண்டாளுக்குக் கோதை என்று பெயர். நான் சொல்லுகிறவர் வை. மு. கோதைநாயகி அம்மாள்.

அவர் பிறந்தது 1901 டிசம்பர் 1. ஊர் சென்னை திருவல்லிக்கேணி. சிறு குழந்தையாக இருக்கும்போதே தாயாரை இழந்தார். ஐந்தரை வயதில் கல்யாணம். மாப்பிள்ளை பார்த்தசாரதிக்கு ஒன்பது வயது! பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. வீட்டுக் காரியங்களெல்லாம் முடிந்த பிறகு அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு கதை சொல்லுவது அவருக்கு வழக்கம். குழந்தைகளைப்போல் ஈவிரக்கமில்லாத விமர்சகர்கள் உலகத்தில் இல்லை. கதை சப்பென்று இருந்தால் எழுந்து ஓடிவிடுவார்கள். அவர்களை உட்காரவைக்கத் தெரிந்தவருக்கு நாவல் எழுதுவதில் பாதி தெரிந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

கணவர் அவரை அடிக்கடி நாடகம் பார்க்க அழைத்துப் போவார். அந்தக் காலத்தில் இது சாதாரண விஷயம் அல்ல. பார்த்துப் பார்த்து, தாமே ஒரு நாடகம் செய்யவேண்டும் என்ற ஆசை கோதைநாயகிக்கு உண்டாயிற்று. ஆசை இருந்தது, கதை இருந்தது, பாத்திரங்கள் பேசவேண்டிய பேச்சும் மனத்தில் இருந்தது. கோவையாக எழுதுகிற பழக்கம் மட்டும் இல்லை. என்ன செய்தார்? தோழி பட்டம்மாளைக் காகிதமும் பேனாவுமாக உட்காரவைத்துச் சொல்லிக்கொண்டே போனார். பட்டம்மாள் எழுதிக்கொண்டே வந்தார். இப்படிப் பிறந்தது "இந்திரமோகனா" நாடகம். 1924-இல் அச்சாயிற்று. அப்புறம் அந்தத் தோழியிடமே எழுதவும் கற்றுக்கொண்டார்.

இந்த இடத்தில் சற்றுக் கடல் தாண்டிப் போய்வர விரும்புகிறேன். அதே 1901-இல் இங்கிலாந்தில் இன்னொரு பெண் பிறந்தார். பார்பரா கார்ட்லண்ட் என்று பெயர். காதல் கதைகள் மட்டும் எழுநூறுக்கு மேல் எழுதிக் குவித்தவர். 1976-இல் ஒரே ஆண்டில் இருபத்துமூன்று நாவல்! அவருடைய எழுத்து நியமம் பிரசித்தமானது. பகல் சாப்பாடு ஆனபின் சோபாவில் சாய்ந்துகொள்ளுவார். காலின்மேல் கம்பளிப் போர்வை, பக்கத்தில் நாய். காரியதரிசி பின்னால் உட்கார்ந்து எழுதிக்கொள்ள, இவர் கதை சொல்லுவார். எழுந்திருக்கும்போது ஓர் அத்தியாயம் முடிந்திருக்கும்.

இருவரும் சொல்லித்தான் எழுதினார்கள். ஒருவர் காரியதரிசி இருந்ததால் சொன்னார். மற்றவர் எழுதப் பழகாததால் சொன்னார். ஆனாலும் பலன் ஒரே மாதிரி இருப்பதைக் கவனியுங்கள். சொல்லுகிற கதையில் பேச்சு அதிகம், வருணனை குறைவு. கதாநாயகி கண்ணீர் விடுவதற்கு முன்னால் சாயங்கால வானத்தின் நிறத்தை விவரித்துக்கொண்டிருக்க முடியாது, எதிரில் இருப்பவர், "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். கோதைநாயகியின் நாவல்களில் மனிதர்கள் நாடக மேடையில் நிற்பதுபோலப் பேசுகிறார்கள், சில சமயம் பக்கம் பக்கமாக. நடுநடுவே உபதேசமும் வந்துவிடும். எனக்கு அது அலுப்புத் தட்டுகிறது என்பதை மறைப்பானேன்? ஆனால் ஒரு மாமியாரும் மருமகளும் பேசிக்கொள்ளும் கட்டம் வந்துவிட்டால், அந்தக் கூடத்தின் தூணுக்குப் பின்னால் நின்று நாமே ஒட்டுக்கேட்பதுபோல் இருக்கும். காதால் எழுதியவருக்குத்தான் அது வரும்.

1925-இல், நின்றுபோயிருந்த "ஜகன்மோகினி" என்ற பத்திரிகையை அவர் வாங்கி நடத்த ஆரம்பித்தார். முதல் நாவலான "வைதேகி" அதிலேதான் தொடர்ந்து வெளிவந்தது. அன்று முதல் அவருடைய எழுத்து நியமம் என்னவென்று என்னைக் கேட்டால், "பத்திரிகையின் தேதி" என்று சொல்லுவேன். மாதம் பிறந்தால் பத்திரிகை வரவேண்டும். பத்திரிகை வந்தால் கதை இருக்கவேண்டும். மனம் லயிக்கட்டும் என்று காத்திருக்க, ஆசிரியரும் அவரே, நாவலாசிரியரும் அவரே என்றால் முடியுமா? முப்பத்தைந்து வருஷ காலத்தில் 115 நாவல்கள். வருஷத்துக்கு மூன்றுக்கு மேல் என்று கணக்காகிறது. இதற்கு நடுவில் மேடைப் பேச்சு, சங்கீதம், காங்கிரஸ் வேலை வேறு. 1938-இல் ஜூபிடர் பிக்சர்ஸார் "அநாதைப் பெண்" நாவலைப் படமாகவும் எடுத்தார்கள்.

பெண்கள் நாவல் படிப்பதே குடும்பத்துக்கு ஆகாது என்று எண்ணிய வீடுகள் அப்போது ஏராளம். பெண் எழுதுவது அதைவிட மோசம். எழுதி, பத்திரிகையும் நடத்துவது எல்லாவற்றையும்விட மோசம். வீட்டுக்குள்ளே கணவர் துணை நின்றார். வீட்டுக்கு வெளியே வசைமொழிக்குக் குறைவில்லை. பிற்கால விமர்சகர்கள் வைத ரகம் வேறு: பெண்களுக்குப் பொழுதுபோக்குக் கதை எழுதியவர் என்று ஒரு வரியில் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் பால்ய விவாகம், விதவைகளின் துயரம், குடியின் கொடுமை இவையெல்லாம் அந்த "பொழுதுபோக்கு"க் கதைகளின் வழியாகத்தான் எத்தனையோ அடுப்பங்கரைகளுக்குள் நுழைந்தன. பிரசங்க மேடை போகமுடியாத இடம் அது.

ஆண்டாள் மாலையை முதலில் தான் சூடிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள் அல்லவா? இந்தக் கோதையும் கதையை முதலில் நாலு பேரிடம் சொல்லிப் பார்த்தவர். வாடுமா வாடாதா என்பது சொல்லும்போதே தெரிந்துவிடும். வாயால் சொல்லிப் பார்க்காத என் அத்தியாயங்கள் பல, அச்சில் வந்த பிறகுதான் வாடியிருப்பது தெரிந்தது!

இனி, பெரியம்மாளின் கேள்வி. 1930-களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியல், அந்நியத் துணி மறியல் என்று இறங்கிய கோதைநாயகி சிறைக்குப் போனார். வேலூர்ச் சிறையில் உடனிருந்த பெண்களின் துயரங்களைக் கேட்டார். அங்கேயும் நாவல் எழுதினார். சமையற்கட்டு இல்லை, விருந்தாளி இல்லை, பத்திரிகையின் அச்சுக்கூலிப் பாக்கி வாசலில் வந்து நிற்கவில்லை. கல்யாணமான நாள் முதல் அவர் உலை வைக்காமல் உட்கார்ந்து எழுதிய இடம் அநேகமாக அது ஒன்றாகத்தான் இருக்கும். விடுதலையாகி வந்தார். மறுபடியும் வீடு, மறுபடியும் ஜகன்மோகினியின் தேதி. 1956-இல் மகன் சீனிவாசன் காலமான பிறகுதான் அந்தக் கை தளர்ந்தது. 1960 பிப்ரவரி 20-ஆம் தேதி அவர் மறைந்தார்.