கோர்னற் வாத்தியமும் சுரவரிசையும்

பாடசாலைப் பாண்டு வாத்தியக் குழுவிலே சேரும் மாணவன், முதற் கிழமையிலேயே அணிவகுப்புப் பாட்டொன்றை ஊதிவிட ஆசைப்படுவான். ஆசிரியரோ சுரவரிசையை ஏறியும் இறங்கியும் வாசிக்குமாறு பணிப்பார். சரளி வரிசை பாடி அலுத்த நேயர்களுக்கு இச்சலிப்புப் புதிதன்று. ஆயினும், தன் கையிலுள்ள பித்தளை வாத்தியம் சுரவரிசை ஊதுந் திறனை எத்துணை காலந்தாழ்த்திப் பெற்றது என்பதை அம்மாணவன் அறிந்திரான்.

பழைய எக்காளம் வெறுங் குழாய். உதட்டின் இறுக்கத்தை மாற்றி ஊத, இயற்கையாய் எழுஞ் சில சுரங்களே அதிற் கிடைக்கும். கீழ்ப்பகுதியில் அவற்றிடையே பெரும் இடைவெளிகள் உண்டு. ச, ரி, க, ம என அங்கே தொடர்ந்து செல்ல இயலாது. படைக்குக் கட்டளை அறிவிக்க அது போதும், பாட்டுக்குப் போதாது. 1818இல் ஸ்டோல்ட்செல், புளூமெல் என்னும் இருவர் பிரஷ்யாவில் வால்வுக்கு உரிமம் பெற்றனர். பின்னர் நிலைபெற்ற மூன்று வால்வு அமைப்பில், முதலாவது முழுச்சுரமும், இரண்டாவது அரைச்சுரமும், மூன்றாவது ஒன்றரைச் சுரமும் தாழ்த்தும். இடைவெளிகள் நிரம்பின.

ஆனால் தொல்லை அத்துடன் தீரவில்லை. ஒரே விரலமைப்பிற் பல சுரங்கள் எழும். வேண்டியதைத் தெரிந்தெடுப்பது உதடே. அன்றியும், வால்வுகளைச் சேர்த்து அழுத்துகையிற் சுருதி சிறிது ஏறிவிடும். இதனைச் செவியால் உணர்ந்து திருத்த வேண்டும். பாட்டின் ஓட்டத்தில் மறைந்துபோகும் இப்பிழை, சுரவரிசையை மெல்ல ஊதும்போது ஒளிய இடமின்றி வெளிப்படும்.

இதனை நன்குணர்ந்தவர் லியோன் நகரில் 1825இற் பிறந்த ஆர்பன். பாரிஸ் இசைக் கல்லூரியில் 1857 முதல் இராணுவ மாணவர்க்குச் சாக்ஸ்ஹோர்ன் என்னும் பித்தளை வாத்தியம் பயிற்றினார். அக்கல்லூரியின் வேரும் பாண்டு வாத்தியத்திலேயே இருந்தது: தேசியக் காவற்படை வாத்தியகாரருக்காகச் சாரெட் அமைத்த பள்ளியே, 1795இல் அக்கல்லூரியாக வளர்ந்தது.

அந்நாளிற் கோர்னற்றைக் கடைத்தர வாத்தியமென எண்ணியவர் பலர். ஆர்பன் 1864இல் தமது பெரும் பயிற்சி நூலை வெளியிட்டார். பக்கம் பக்கமாகச் சுரவரிசைகள். பின்பு இடைவெளிப் பயிற்சிகள், நாவசைவுப் பயிற்சிகள். இனிய மெட்டுகள் அவற்றுக்குப் பின்னரே வரும். 1869இற் கோர்னற்றுக்கென அக்கல்லூரியிலே வகுப்பொன்று ஏற்பட்டது. ஆர்பனே அதன் ஆசிரியர்.

நூலின் முடிவிலே ‘வெனிஸ் திருவிழா’ என்னும் மெட்டின்மேல் அவர் அமைத்த வேறுபாடுகள் உள்ளன. கேட்போர் மூச்சடக்கும் அவ்விரைவோட்டங்களிற் பெரும்பகுதி, மாணவன் முன்பக்கங்களிற் சலிப்போடு ஊதிய அதே வரிசைகளே.