பதினோராம் கூண்டு

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பத்திரிகைகளில் ஒரு செய்தி தவறாமல் தலைகாட்டும்: தூத்துக்குடித் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. படித்துவிட்டுப் பரணில் கிடக்கும் குடையைத் தேடுவோம். அந்தக் கூண்டு எப்படியிருக்கும், யாருக்காக அதை ஏற்றுகிறார்கள் என்று கேட்பவர்கள் அதிகம் இல்லை.

கூண்டு என்றதும் கிளிக்கூண்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். கூம்பாகவும் உருளையாகவும் செய்து துறைமுகக் கொடிமரத்தில் தொங்கவிடும் அடையாளம் அது. இரவானால் அதற்குப் பதில் சிவப்பு விளக்கும் வெள்ளை விளக்கும். 1864-ல் கல்கத்தாவைப் புரட்டிப்போட்ட புயலில் பல்லாயிரம் பேர் மாண்டார்கள். மறு வருஷமே கல்கத்தாத் துறைமுகத்துக்கு எச்சரிக்கை முறை ஒன்றை ஏற்படுத்தினார்கள். 1875-ல் இந்திய வானிலைத் துறை பிறந்தது. நாளடைவில் எல்லாத் துறைமுகங்களுக்கும் கூண்டு வந்து சேர்ந்தது.

கூண்டுகள் பதினொன்று. முதல் இரண்டும் எங்கோ நடுக்கடலில் கோளாறு என்று சொல்லும். மூன்றும் நான்கும் துறைமுகத்தையே உஷார்ப்படுத்தும். ஐந்து முதல் ஏழு வரை அபாயம். எட்டு முதல் பத்து வரை பெரும் அபாயம். அதற்கும் மேலே பதினொன்று எதற்கு? பத்தைவிடப் பயங்கரமான புயலுக்கு என்று நினைப்பவர்கள் உண்டு. அதன் பொருள் வேறு: ‘வானிலை நிலையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, இனி ஒரு செய்தியும் வராது, வானம் மோசமாக இருக்கிறது’ என்பதுதான். செய்தி இல்லை என்பதையே ஒரு செய்தியாக்கிக் கடைசிப் படியில் வைத்தவர்கள் கடலை அறிந்தவர்கள்.

தூத்துக்குடிக்காரர்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். பழைய துறைமுகம் ஆழமில்லாதது. பெரிய கப்பல்கள் ஐந்தாறு மைலுக்கு அப்பால் நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கெல்லாம் தோணியில்தான் போகும், வரும். ஆழ்கடல் துறைமுகம் வந்தது 1974-ல். அதுவரை காற்று எழும்பினால் கரைக்கும் கப்பலுக்கும் நடுவே தத்தளித்தது தோணிதான்.

பதினோராம் கூண்டின் பொருளை இந்தக் கடற்கரை முழுமையாக உணர்ந்த இரவு ஒன்று உண்டு. 1964 டிசம்பர் 22. பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் பாசஞ்சர் ரயில் புறப்பட்டது. புயலில் தந்தியும் தொலைபேசியும் போய்விட்டன. தனுஷ்கோடியை நெருங்கியபோது சிக்னல் கிடைக்கவில்லை. டிரைவர் நிறுத்தி, ஊதிப் பார்த்து, காத்திருந்து, பிறகு மெல்ல நகர்ந்தார் என்பது அந்தப் பக்கத்தில் வழங்கிவரும் வரலாறு. கடல் எழுந்து வந்து ரயிலை மூடிக்கொண்டது. நூற்றுக்கு மேற்பட்ட பிரயாணிகளில் ஒருவரும் மீளவில்லை. சிக்னல் இல்லை என்றால் ‘போகலாம்’ என்று பொருளா, ‘நில்’ என்று பொருளா? அந்த இருட்டில் எடுத்துச் சொல்ல ஆள் இல்லை.

இதே கடலில் முத்துக் குளித்தவர்கள் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை கண்டிருந்தார்கள். குளிப்பவன் கல்லைப் பற்றிக்கொண்டு அடிக்கு இறங்குவான். கயிற்றின் மறுமுனை தோணியில் இருப்பவன் கையில். கீழிருந்து ஒரு சுண்டு. மேலிருந்து உடனே இழுப்பு. சுண்டியதற்குப் பதில் வராவிட்டால் உயிர் போய்விடும். ஆகவேதான் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பார்கள், தங்கையின் தாலியை நினைத்தாவது கண்ணயர மாட்டான் என்று சொல்வதுண்டு. இந்தக் கரையில் 1955 முதல் 1961 வரை நடந்ததே கடைசிப் பெரிய முத்துக் குளிப்பு.

கப்பல்காரர்களிடமும் இந்த முறை உண்டு. ஒரு கப்பல் கொடியால் பேசினால் மற்றக் கப்பல் பதில் கொடியைப் பாதி உயரத்துக்கு ஏற்றும்: ‘பார்த்துவிட்டேன்.’ முழு உயரத்துக்கு ஏற்றினால்: ‘புரிந்துகொண்டேன்.’ பார்ப்பது வேறு, புரிந்துகொள்வது வேறு என்று எவ்வளவு நுட்பமாகப் பிரித்துவைத்தார்கள்!

ஆகாய விமானம் வந்தபோது கயிறும் கொடியும் குரலாக மாறின. இன்று வாகைக்குளத்தில் இறங்க வரும் விமானி மேகத்துக்குள் ஒன்றையும் காணமாட்டார். எந்த ஓடுதளம், எவ்வளவு உயரம், காற்றழுத்தம் என்ன என்று கோபுரத்திலிருப்பவர் சொல்வார். விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னால் கோபுரம் திருத்தும். அவசரத்தில் இது வீண் பேச்சாகத் தோன்றலாம். 1977 மார்ச் 27 அன்று கனாரித் தீவுகளில் டெனரீப் விமான நிலையத்தை மூடுபனி மறைத்திருந்தது. கோபுரம் ‘ஓகே’ என்றது விமானியின் காதில் விழுந்தது. பொறுங்கள் என்று தொடர்ந்து சொன்னது, அதே கணத்தில் இன்னொரு விமானமும் பேசியதால் இரைச்சலில் கரைந்துபோயிற்று. இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுதளத்திலேயே மோதின. 583 பேர் மாண்டார்கள். அதற்குப் பிறகே வெறும் ‘சரி’ போதாது, உத்தரவைத் திருப்பிச் சொல்லவேண்டும் என்ற விதி இறுகியது.

கடலில் போகும் நம் ஏழைகளுக்கு இந்த வசதி வெகுகாலம் கிட்டவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் கன்னியாகுமரிக் கடலில் மூண்டது. கரையில் எச்சரித்தார்கள், ஆனால் பல நாளுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போனவர்களை அந்த எச்சரிக்கை எட்டவில்லை. படகிலிருந்த ரேடியோவுக்கு அவ்வளவு தூரம் கேட்காது. 2019-ல் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி வாங்கும் கருவி வந்தது. அது கேட்கும், பேசாது. கூண்டின் தம்பி என்று சொல்லலாம். இருவழியும் பேசும் கருவிகளும் படகேறின.

எட்டிய செய்தியின் மதிப்பையும் சொல்லிவிட வேண்டும். 2023 டிசம்பர் 17 இரவு தூத்துக்குடி ஜில்லாவில் வானம் பிளந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயிலை ஸ்ரீவைகுண்டத்தில் நிறுத்தினார்கள். அப்பால் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. நூற்றுக்கணக்கான பிரயாணிகள் பசியும் குளிருமாக அந்த நிலையத்தில் அடைபட்டுக் கிடந்தார்கள். சலித்துக்கொண்டவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் எல்லாரும் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

தனுஷ்கோடிக்கும் ஸ்ரீவைகுண்டத்துக்கும் நடுவே ஏறக்குறைய அறுபது வருஷம் கிடக்கிறது. முன்னதில் காத்திருந்தும் ஒரு சொல் வரவில்லை. பின்னதில் ‘நில்’ என்ற சொல் வந்தது, கேட்டவர்களும் நின்றார்கள்.