மணலைப் பிணைக்கும் கொடிகள்

2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை, ஆழிப்பேரலை காரைக்காலின் கிளிஞ்சல்மேடு, பட்டினச்சேரி முதலிய மீனவக் கிராமங்களுள் புகுந்தது, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். வடக்கே பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காடுகளின் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவு. கடலூர்க் கரையில் மரங்கள் அலையின் வேகத்தைத் தணித்தமையை 2005இல் 'சயின்ஸ்' இதழின் ஆய்வும் எடுத்துரைத்தது.

சுரபுன்னை சேற்றுக் கழிமுகத்தில் வளர்வது. காரைக்காலிலோ திறந்த மணற்கரையே மிகுதி. இங்கே அலை வாரிச்சென்ற மேட்டை மீட்பவை அடும்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லுமே. காற்று கொணரும் மணல் அவற்றில் தங்கி, ஆண்டுகள் பல கடந்து மேடாகிறது. அதைச் சமப்படுத்துவோர் அடுத்த அலைக்கு வாசல் திறக்கின்றனர்.

மரம் நடுதல் தர்மம் எனக் கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத்தினராகிய நாம், இக்கொடிகளைப் பிடுங்காது காப்பதையும் அமானிதமாகக் கொள்வோமாக.