சபையும் இசைப்பெட்டியும்

தளேகாவில் குடியேறிய நமக்கு இவ்வூர்ப் பெயரோடு ஒட்டி வழங்கும் தாபாடே என்னும் பெயர் புதிதன்று. 1717-ஆம் ஆண்டில் சாகு மன்னரிடம் சேனாபதிப் பதவி பெற்ற கண்டேராவ் தாபாடேயின் குடும்பத்தால் இவ்வூர் பெயர் பெற்றது. அக்குடும்பத்தின் கீழ்ப் பணிபுரிந்த பிலாஜி கெய்க்வாடின் வழியினரே பிற்காலத்தில் பரோடாவை ஆண்டனர். தஞ்சையை ஆண்ட மராட்டியரோ சிவாஜியின் தம்பி வெங்கோஜியின் வழியினர். தமிழ்க் கிறித்தவர் சபையாகக் கூடிப் பாடும் முறையின் வரலாற்றை ஆராயப் புகுந்தால், இவ்விரு அரண்மனைகளும் எதிர்ப்படுகின்றன.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயரும் அவர் தோழரும் ஜெர்மானிய ஞானப்பாட்டுகளைத் தமிழ்ப்படுத்திப் பாடச் செய்தனர். அம்மெட்டுகள் அசைக்கு ஒரு சுரமாக, ஒரே நடையில் செல்வன. ஆர்கன் வாசிப்பவருக்கு அவை எளியவை. தமிழ் நாவிற்கோ அத்துணை எளியவை அல்ல. குறில் நீளும், நெடில் குறுகும், சொல் நடுவே முறியும். எனினும் சபை பாடியது, இன்றும் பாடுகிறது.

மாற்று வழியை வகுத்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). சுவார்ட்ஸ் ஐயரின் அரவணைப்பில் வளர்ந்தவர். அதே ஐயரிடம் பயின்ற இரண்டாம் சரபோஜி மன்னரின் அவையில் புலவராகவும் விளங்கினார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பில் அவர் இயற்றிய கீர்த்தனைகளை மக்கள் உவந்து பாடினர். பின்வந்த மிஷனெரிமார் சிலர்க்கு அவை உவப்பாயில்லை, பூசல் மூண்டது. அப்பூசலில் பாட்டு மட்டுமன்றிச் சாதிப் பிரிவும் இருந்தது என்பதையும், சாஸ்திரியார் அப்பிரிவை ஆதரித்து நின்றார் என்பதையும் மறைத்தல் நேர்மையாகாது. ஆனால் 1853-இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபின், அவற்றைச் சபையினின்று நீக்க எவராலும் இயலவில்லை.

ஈண்டுப் புனேயையும் தஞ்சையையும் இணைக்கும் மற்றொருவரையும் குறிப்பிடல் வேண்டும். புனே தூய மரியாள் ஆலயத்தை 1825-இல் பிரதிஷ்டை செய்தவர் ரெஜினால்டு ஹீபர் பேராயர். ஆங்கிலச் சபைகள் இன்றளவும் பாடும் ஞானப்பாட்டுகளை இயற்றியவர் அவர். மறு ஆண்டு உயிர்த்தெழுதல் திருநாளைத் தஞ்சைச் சபையாரோடு கொண்டாடினார்; சின்னாட்களில், 1826 ஏப்ரல் 3-ஆம் நாள், திருச்சிராப்பள்ளியில் குளிக்கும்போது உயிர் நீத்தார். அவர் கல்லறை அவ்வூர்த் தூய யோவான் ஆலயத்தில் உள்ளது.

நிற்க. குழாய் ஆர்கன் நகரத்துப் பேராலயங்களின் செல்வம். சென்னை எழும்பூர் தூய அந்திரேயா ஆலயத்தில் 1883-இல் பீட்டர் கோனாக்கர் நிறுவனம் செய்தளித்த ஆர்கன் அத்தகையது. சிற்றூர்ச் சபைக்கு வாய்த்தது 1840-களில் பாரிசில் அலெக்சாந்தர் தெபேன் உருவாக்கிய ஆர்மோனியத்தின் இனம்: முதலில் காலால் மிதிப்பது, பின்னர்க் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் போன்றோரால் கையால் துருத்தி அசைக்குமாறு திருத்தப்பட்டது. ஒரு சுரத்தினின்று மற்றொன்றுக்கு வழுக்கிச் செல்ல அதனால் இயலாது. கமகம் அதற்கு எட்டாக்கனி. இக்குறையும் காரணமாக அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971-இல்தான் ஓரளவு தளர்ந்தது. ஆலயம் விலக்கவில்லை. நூறு குரல்களை ஒரு சுருதியில் நிறுத்தத் தம்பூரா போதாதன்றோ!

வாசிப்பவரின் கடமை விரலோடு முடிவதில்லை. ஆடவரும் பெண்டிரும் சிறுவரும் எட்டக்கூடிய சுருதியைத் தேர்தல் வேண்டும். முதல் அடியை, சபை பாடவேண்டிய அதே வேகத்தில், தனித்து வாசித்துக் காட்டல் வேண்டும். சரணத்திற்குச் சரணம் சபை மூச்சு வாங்க இடம்விடல் வேண்டும். சபை பின்தங்கினால் ஓசையைப் பெருக்கி அடக்குதல் சிலர் வழக்கம். அது தகாது என்பதே நம் கருத்து. விரலைச் சற்று முன்னரே எடுத்து அடியைத் தெளிவாக்கினால் சபை தானே வந்து சேரும்.

ஐரோப்பிய இசையையும் தமிழிசையையும் ஒருங்கே ஆராய்ந்த கிறித்தவர் தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் (1859–1919). 1916-இல் பரோடாவில் கூடிய அகில இந்திய இசை மாநாட்டில், சுருதி இருபத்திரண்டல்ல, இருபத்துநான்கே என்று வாதித்துத் தம் புதல்வியரைக் கொண்டு மெய்ப்பித்துக் காட்டினார். 1917-இல் கருணாமிர்த சாகரம் வெளிவந்தது. தளேகாவ்ச் சேனாபதியின் கீழ்த் தொடங்கிய ஒரு குடியின் தலைநகரில் தஞ்சைத் தமிழிசை அரங்கேறியது நமக்குப் பெருமையே. அதே காலத்தில் மராட்டியக் கவிஞர் நாராயண் வாமன் திலக் (1861–1919) அபங்கம் முதலிய நாட்டு வடிவங்களில் கிறித்தவப் பாடல் இயற்றினார். சாஸ்திரியார் தமிழில் செய்ததை அவர் மராத்தியில் செய்தார் எனலாம்.

இன்று மின்விசைப் பெட்டி வந்துவிட்டது. பொத்தானை அழுத்தினால் சுருதி மாறுகிறது. மற்றொன்றை அழுத்தினால் தாளம் தானே ஒலிக்கிறது. சபை தாமதித்தாலும் அத்தாளம் தாமதிப்பதில்லை. முதியோர் வாய் மூடிவிடுகின்றனர். இடர் அதனினும் பெரிது ஒன்றுண்டு. கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலையில் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் மட்டுமே அச்சிடப்படுகின்றன, மெட்டு அச்சிடப்படுவதில்லை. அது நெல்லையிலும் தஞ்சையிலும் பாடிப் பழகிய பாட்டிமாரின் தொண்டையில் இருக்கிறது. இங்குப் பிறந்து பெட்டி பழகும் பிள்ளைகள், ஞாயிறுதோறும் ஆராதனைக்கு முன் அரை மணி நேரம் அவர்களருகே அமர்ந்து, ஒவ்வொரு கீர்த்தனையாகக் கேட்டுச் சுரம் எழுதிக்கொள்ளலாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும்.