குழந்தைகளின் துருத்திய மேல் முன்பற்கள்: சீரமைப்புக் கருவிகள் ஓர் ஒப்பீடு

பேச்சு வழக்கில் எத்துப்பல் எனப்படுவது, மேல் முன்பற்கள் கீழ் முன்பற்களைவிட அதிகமாக முன்னோக்கி நீண்டிருக்கும் நிலையாகும். கடைவாய்ப் பற்களைக் கடித்த நிலையில் இவ்விரண்டிற்கும் இடையே 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பது இயல்பு. அது 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் சிகிச்சை தேவைப்படும் நிலையாகக் கருதப்படுகிறது.

மரபு, கீழ்த்தாடையின் குறைந்த வளர்ச்சி, நெடுநாள் விரல் சூப்பும் பழக்கம் ஆகியவை இதற்கான முக்கியக் காரணங்கள். தோற்றம் மட்டுமே இங்குச் சிக்கலன்று. துருத்திய பற்கள் கீழே விழும்போதும் விளையாடும்போதும் எளிதில் உடையக்கூடும்.

கருவிகளின் வகைகள்

1. ட்வின் பிளாக்: மேல் தாடைக்கும் கீழ்த் தாடைக்கும் தனித்தனியே பொருத்தப்படும், கழற்றி மாட்டக்கூடிய கருவி. இது கீழ்த்தாடையை முன்னே நிறுத்துகிறது. வளர்ச்சி வேகமாக உள்ள 10 முதல் 13 வயதில் பொதுவாகப் பயன்படுத்தப்படுகிறது. ஏறத்தாழ 9 முதல் 12 மாதங்கள், நாள் முழுவதும் அணிய வேண்டும். முதல் சில நாட்கள் பேச்சுத் தடுமாறலாம். கிடைக்கும் மாற்றத்தின் பெரும்பகுதி பற்களின் நகர்வால் வருவது. தாடை பெரிதும் வளர்ந்துவிடும் என எதிர்பார்க்க வேண்டாம். குழந்தை அணியாவிடில் பயனில்லை.

2. தலைப்பட்டைக் கருவி: மேல் கடைவாய்ப் பற்களைப் பின்னோக்கி இழுக்கும். பெரும்பாலும் மாலையிலும் இரவிலும் அணியப்படுகிறது. கம்பி விடுபட்டுக் கண்ணைக் காயப்படுத்தக்கூடும் என்பதால் பாதுகாப்புப் பூட்டு உள்ளதா எனக் கேட்டறியுங்கள். விளையாடும்போது அணியக் கூடாது.

3. நிலையான கிளிப்: பற்களின் மேல் ஒட்டப்பட்டுக் கம்பியால் இணைக்கப்படும். நிரந்தரப் பற்கள் பெரும்பாலும் முளைத்தபின், ஏறத்தாழ 12 வயதிலிருந்து பொருத்தப்படும். வழக்கமாக 18 முதல் 24 மாதங்கள் ஆகும். இடப்பற்றாக்குறை இருந்தால் சில பற்களை அகற்ற நேரிடலாம். பல் துலக்குதல் குறைந்தால் கிளிப்பைச் சுற்றி வெண்புள்ளிகளும் சொத்தையும் உண்டாகும். கடலை மிட்டாய், முறுக்கு போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும்.

எப்போது தொடங்குவது?

7 முதல் 11 வயதிலேயே தொடங்கிப் பதின்பருவத்தில் மீண்டும் சிகிச்சை பெறும் குழந்தைகளுக்கும், பதின்பருவத்தில் ஒரே கட்டமாகச் சிகிச்சை பெறுபவர்களுக்கும் இறுதியில் பல் வரிசையில் பெரிய வேறுபாடு இருப்பதில்லை. முன்கூட்டியே தொடங்குவதன் உறுதியான பயன், முன்பற்களில் அடிபடும் வாய்ப்புக் குறைவதே.

ஆகவே, பற்கள் மிக அதிகமாகத் துருத்தியிருந்தாலோ, உதடுகள் பற்களை மூடாவிட்டாலோ, ஏற்கெனவே அடிபட்டிருந்தாலோ, பள்ளியில் கேலிக்கு உள்ளாகிக் குழந்தை மனம் வருந்தினாலோ, முன்கூட்டிய சிகிச்சை குறித்து மருத்துவரிடம் பேசுங்கள். மற்றவர்கள் மருத்துவரின் கண்காணிப்பில் காத்திருப்பது அலட்சியமாகாது. ஆயினும் வளர்ச்சிப் பருவம் கடந்தபின் ட்வின் பிளாக்கின் பயன் குறையும். எனவே 10 வயதுக்குள் ஒரு முறையேனும் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

நிரந்தரப் பல் விழுந்துவிட்டால்

வேர்ப்பகுதியைத் தொடாமல் பல்லின் வெண்பகுதியைப் பிடித்து எடுங்கள். அழுக்கு இருந்தால் பாலிலோ தூய நீரிலோ மெதுவாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். இயன்றால் அதே குழியில் பொருத்துங்கள். இயலாவிடில் பாலில் இட்டு, உடனே, ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரை அடையுங்கள். விழுந்த பால் பல்லை மீண்டும் பொருத்தக் கூடாது.

சிகிச்சைக்குப் பின்

கிளிப் அகற்றியவுடன் பற்கள் பழைய இடத்திற்குத் திரும்ப முயலும். ஆதலால் பற்களை நிலைநிறுத்தும் ரிடெய்னரை மருத்துவர் கூறும் காலம்வரை அணிவது சிகிச்சையின் ஒரு பகுதியே.

பல் சீரமைப்புத் துறை உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கான ஆலோசனை பெறலாம். எந்தக் கருவி, எத்தனை மாதம், எத்தனை முறை வர வேண்டும், தினமும் எத்தனை மணி நேரம் அணிய வேண்டும் என்பவற்றை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். உங்கள் குழந்தையையும் அந்த உரையாடலில் சேர்த்துக்கொள்ளுங்கள். கருவியை அணியப்போவது அவர்களே.