தோற்றவருக்கே முதல் தேர்வு

அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து லீகில் புதிய வீரர்களை அணிகள் பங்கிட்டுக்கொள்ளும் முறைக்கு டிராஃப்ட் என்று பெயர். கல்லூரிகளிலிருந்தும் வெளிநாட்டு கிளப்புகளிலிருந்தும் வரும் இளைஞர்களை ஆண்டுக்கு ஒருமுறை அணிகள் வரிசைப்படி ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும். ஏலம் கிடையாது. எந்த அணிக்குப் போவது என்று முடிவு செய்யும் உரிமை வீரருக்கும் கிடையாது. அந்த வரிசையில் முதலில் நிற்பது யார் என்ற கேள்விக்குத்தான் லீக் முக்கால் நூற்றாண்டாக மாற்றி மாற்றிப் பதில் தேடிவருகிறது. தோற்ற அணிக்கு முன்னுரிமை தராவிட்டால் அது எழுந்திருக்கவே முடியாது. தந்துவிட்டால், தோற்பதே லாபம் என்று கணக்குப் போடும் அணிகள் கிளம்பும். களத்தில் ஐந்து பேர் மட்டுமே நிற்கும் ஆட்டம் இது. சரியான ஒரு வீரர் வந்தால் ஓர் அணியின் அடுத்த பத்தாண்டு தலைகீழாக மாறும் என்பதால் இந்தச் சண்டை இங்கே மற்ற விளையாட்டுகளைவிடச் சூடாக இருக்கிறது.

முதல் டிராஃப்ட் 1947-இல் நடந்தது. அப்போது லீகின் பெயர் பி.ஏ.ஏ.; என்.பி.ஏ. என்ற பெயர் 1949-இல்தான் வந்தது. பிட்ஸ்பர்க் அயர்ன்மென் அணி முதலாவதாகத் தேர்ந்தெடுத்த கிளிஃப்டன் மெக்நீலி அந்த லீகில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. டெக்சாஸில் பள்ளிப் பயிற்சியாளராகப் போய்விட்டார். அரங்கை நிரப்புவதே பெரும்பாடாக இருந்த காலம் அது. உள்ளூர்க் கல்லூரியில் பெயர் வாங்கிய பையன் உள்ளூர் அணியிலேயே ஆடினால்தான் டிக்கெட் விற்கும். அதனால் ‘பிரதேசத் தேர்வு’ என்ற விதி வந்தது. தன் அரங்கிலிருந்து 50 மைலுக்குள் உள்ள வீரர் ஒருவர் வேண்டுமென்றால், முதல் சுற்றுத் தேர்வை விட்டுக்கொடுத்துவிட்டு அணி அவரை எடுத்துக்கொள்ளலாம். 1959-இல் வில்ட் சேம்பர்லெய்னை பிலடெல்ஃபியா வாரியர்ஸ் இப்படித்தான் எடுத்தது. அவர் படித்தது தொலைதூரக் கான்சாஸ் பல்கலைக்கழகத்தில். ஆனாலும் உயர்நிலைப் பள்ளி பிலடெல்ஃபியாவில் என்பதைக் காட்டி அணி உரிமை கோரியது. அடுத்த ஆண்டு ஆஸ்கர் ராபர்ட்சன் சின்சினாட்டி ராயல்ஸுக்குப் போனதும் இதே வழியில்தான். ஊரில் நல்ல கல்லூரி இல்லாத அணிக்கு இந்த விதியால் ஒரு பயனும் இல்லை. 1965-க்குப் பிறகு அது கைவிடப்பட்டது.

அதற்குப் பதில் வந்தது பூவா தலையா. இரு பிரிவுகளிலும் கடைசியில் நிற்கும் அணிகளுக்கு இடையே நாணயம் சுண்டி, வென்றவருக்கு முதல் தேர்வு, தோற்றவருக்கு இரண்டாவது. முதல் சுண்டலே டெட்ராய்ட் ரசிகர்களைக் கலங்கடித்தது. 1966-இல் டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் கண், பக்கத்திலேயே மிஷிகன் பல்கலைக்கழகத்தில் ஆடிக்கொண்டிருந்த கேஸி ரஸ்ஸல் மீது இருந்தது. பழைய விதி இன்னும் ஓராண்டு நீடித்திருந்தால் அவர் தானாகவே வந்திருப்பார். நாணயம் நியூயார்க் நிக்ஸ் பக்கம் விழுந்தது. ரஸ்ஸல் நியூயார்க் போனார். டெட்ராய்ட் மனமில்லாமல் எடுத்த டேவ் பிங், ரஸ்ஸலைவிடப் பெரிய ஆட்டக்காரராக வளர்ந்து புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார். பின்னாளில் அந்த நகரத்தின் மேயராகவும் ஆனார்.

நாணயத்தின் காலத்தில் ரசிகர்களும் உள்ளே இழுக்கப்பட்டார்கள். 1969-இல் போட்டி, லீகுக்குப் புதிதாக வந்த மில்வாக்கி பக்ஸுக்கும் ஃபீனிக்ஸ் சன்ஸுக்கும். பரிசு லூ அல்சிண்டோர், பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார் என்று உலகம் அறிந்தவர். சுண்டலில் என்ன கேட்பது என்று ஃபீனிக்ஸ் தன் ரசிகர்களிடமே வாக்கெடுத்தது. ‘தலை’ என்றார்கள். நியூயார்க்கில் கமிஷனர் வால்டர் கென்னடி நாணயத்தைச் சுண்ட, இரு அணியினரும் தொலைபேசியில் காத்திருந்தார்கள். விழுந்தது பூ. மில்வாக்கி 1971-இல் கோப்பை வென்றது. அல்சிண்டோருக்குப் பதிலாக ஃபீனிக்ஸுக்குக் கிடைத்தவர் நீல் வாக். பத்தாண்டு கழித்து சிகாகோ புல்ஸும் ரசிகர்களைக் கேட்டுத் ‘தலை’ சொன்னது, மீண்டும் பூ. அந்த முறை மேஜிக் ஜான்சன் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்குப் போனார். லேக்கர்ஸ் அந்த ஆண்டு கடைசியில் நின்ற அணியே அல்ல. கெயில் குட்ரிச் என்ற மூத்த வீரரை நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் தன் பக்கம் இழுத்துக்கொண்டதற்கு ஈடாக, சில ஆண்டுகளுக்கு முன்பே லேக்கர்ஸ் பெற்று வைத்திருந்த உரிமை அது. தேர்வு உரிமையைக் கைமாற்றலாம் என்பதால், ஓர் அணியின் தோல்வி மூன்றாவது ஊரில் கொண்டாடப்படும் நிலை அன்றே தொடங்கிவிட்டது.

நாணயத்தை ஒழித்தது ஹூஸ்டன் ராக்கெட்ஸ். 1983-இல் சுண்டலில் வென்று ரால்ஃப் சாம்ப்சனை எடுத்த அணி, அடுத்த சீசனிலும் கடைசிக்கே சறுக்கியது. ஹக்கீம் ஒலாஜுவான் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்திலேயே ஆடிக்கொண்டிருந்த நேரம் அது. சீசன் முடியும் தறுவாயில், ஓய்வை நெருங்கிவிட்ட 38 வயது எல்வின் ஹேய்ஸ், கூடுதல் நேரத்துக்கு நீண்ட ஓர் ஆட்டத்தில் 53 நிமிடமும் களத்தில் நிறுத்தப்பட்டார். இளம் வீரர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருக்க, நாற்பதை நெருங்கும் ஒருவரை ஒரு நொடி ஓய்வில்லாமல் ஓடவிடும் அணி ஜெயிக்கப் பார்க்கிறது என்று யார் நம்புவார்கள்? ராக்கெட்ஸ் மீண்டும் சுண்டலில் வென்று ஒலாஜுவானை எடுத்தது. மைக்கேல் ஜோர்டன் மூன்றாவதாக சிகாகோவுக்குப் போனதும் இதே டிராஃப்டில்தான். அந்தக் கோடையிலேயே அணி உரிமையாளர்கள் கூடி, நாணயத்துக்குப் பதில் குலுக்கல் என்று முடிவெடுத்தார்கள். வேண்டுமென்றே தோற்பதற்கு இன்று அமெரிக்க ரசிகர்கள் சொல்லும் பெயர் ‘டேங்கிங்’. அதற்கு எதிராக லீக் எடுத்த முதல் பெரிய நடவடிக்கை இது.

முதல் குலுக்கல் 1985 மே 12 அன்று நியூயார்க்கின் வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் நடந்தது. பிளே-ஆஃப் சுற்றுக்குத் தகுதி பெறாத ஏழு அணிகளுக்கும் சம வாய்ப்பு. அணிச் சின்னம் உள்ள ஏழு உறைகளைக் கண்ணாடி போன்ற உருளையில் போட்டுச் சுற்றி, கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் கைவிட்டு எடுத்தார். முதல் தேர்வு நிக்ஸுக்கு. அதாவது ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் பேட்ரிக் யூயிங், லீகின் மிகப்பெரிய சந்தைக்கு. உறை உருளைக்குள் விழும்போது அதன் ஒரு மூலை மடங்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள், அது அடையாளத்துக்காக மடக்கப்பட்டது என்றார்கள். நிக்ஸின் உறையை முன்கூட்டியே ஃப்ரீசரில் வைத்திருந்தார்கள் என்றது இன்னொரு கதை. இன்றுவரை எதற்கும் ஆதாரம் வெளிவரவில்லை. அந்த நாளில் உண்மையில் நியாயம் கேட்டிருக்க வேண்டியவர்கள் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் ரசிகர்கள்: 82 ஆட்டங்களில் 22 மட்டுமே வென்று கடைசி இடத்தைப் பகிர்ந்துகொண்ட அந்த அணி ஏழாவது இடத்துக்குத் தள்ளப்பட்டது.

1987 முதல் குலுக்கல் முதல் மூன்று இடங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. மற்ற இடங்கள் தோல்விக் கணக்குப்படி. 1990-இல் எடை சேர்த்தார்கள்: 11 அணிகள், 66 வாய்ப்புகள், கடைசி அணிக்கு 11, அடுத்ததற்கு 10 என்று குறைந்து, பிளே-ஆஃபை நூலிழையில் தவறவிட்ட அணிக்கு ஒன்றே ஒன்று. 1992-இல் ஆர்லாண்டோ மேஜிக் வென்று ஷகீல் ஓ’நீலை எடுத்தது. அடுத்த சீசனில் 41 வெற்றி, 41 தோல்வி. இந்தியானாவுடன் சமநிலையில் இருந்தும் சமன்முறிப்பு விதியால் பிளே-ஆஃப் கைநழுவியது. 66-இல் ஒரே வாய்ப்புடன் வந்த ஆர்லாண்டோ மறுபடியும் முதலிடம் பெற்றது. 11 ஆட்டங்கள் மட்டுமே வென்றிருந்த டல்லாஸ் நான்காவதாக நின்றது. ஆர்லாண்டோ அந்தத் தேர்வைக் கைமாற்றி பென்னி ஹார்டவேயையும் மூன்று எதிர்கால முதல் சுற்றுத் தேர்வுகளையும் பெற்று, 1995-இல் இறுதிப்போட்டிவரை போனது.

கூச்சல் எழுந்தது, 1994 முதல் கடைசி அணியின் வாய்ப்பு 25 சதவீதமானது. இன்றும் புழங்கும் இயந்திரக் குலுக்கல் அப்போது வந்ததுதான். 1 முதல் 14 வரை எண்ணிட்ட பிங்பாங் பந்துகள் காற்றில் சுழலும். அவற்றில் நான்கு எடுக்கப்படும். எடுத்த வரிசை கணக்கில்லை என்பதால் 1,001 சேர்க்கைகள் உண்டு. ஆயிரத்தை அணிகளுக்குப் பங்கிட்டு ஒன்றை விட்டுவிடுவார்கள்: 11, 12, 13, 14 வந்தால் மறுகுலுக்கல். இது தொலைக்காட்சி மேடையில் நடப்பதில்லை. பக்கத்து அறை ஒன்றில், அணிப் பிரதிநிதிகள், சில பத்திரிகையாளர்கள், கணக்குத் தணிக்கையாளர் முன்னிலையில் நடக்கிறது. உள்ளே போகும் எல்லோரும் செல்பேசியை ஒப்படைக்க வேண்டும். பந்துகள் 20 வினாடி சுழன்றதும் முதல் பந்து, பிறகு 10 வினாடிக்கு ஒன்று. நேரம் பார்ப்பவர் இயந்திரத்துக்கு முதுகு காட்டி நின்று கையைத் தூக்குவார். மேடையில் அறிவிப்பு முடியும்வரை யாரும் வெளியே வர முடியாது. 1985-இன் உறைச் சந்தேகத்துக்கு லீக் தந்திருக்கும் பொறுமையான பதில் இந்த அறைதான்.

25 சதவீதம் என்பது நான்கில் மூன்று முறை ஏமாற்றம் என்பதை பாஸ்டன் 1997-இல் கற்றுக்கொண்டது. வெறும் 15 வெற்றியுடன் முடித்த செல்டிக்ஸ் கையில் டல்லாஸின் தேர்வும் சேர்த்து இரண்டு இருந்தன. முதலிடத்துக்குச் சுமார் 36 சதவீத வாய்ப்பு. ஊரே டிம் டங்கனை எதிர்பார்த்திருக்க, கிடைத்தவை மூன்றாவதும் ஆறாவதும். டேவிட் ராபின்சன் காயத்தால் அந்த சீசன் மட்டும் சரிந்திருந்த சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் டங்கனைப் பெற்று, அவரோடு ஐந்து கோப்பைகள் வென்றது.

குலுக்கலில் வென்றாலும் சரியான ஆளைக் கண்டுபிடிப்பது தனிக்கலை. ரசிகர்கள் மாதக்கணக்கில் வாதாடுவது இதைப் பற்றித்தான்: உயரமா, கை நீளமா, தூர எறிதலா, பக்குவமா? 2006 முதல், டிராஃப்ட் நடக்கும் ஆண்டு முடிவதற்குள் 19 வயது நிறையாதவர் அதற்கு வர முடியாது. ஆகவே பல இளைஞர்கள் ஒரே ஒரு ஆண்டு கல்லூரியில் ஆடிவிட்டு வருகிறார்கள்; முப்பது சொச்சம் ஆட்டங்களைப் பார்த்துப் பத்தாண்டுக்கான முடிவை எடுக்க வேண்டியிருக்கிறது. 2013-இல் கிளீவ்லேண்ட் முதலாவதாக எடுத்த ஆண்டனி பென்னெட் நிலைக்கவில்லை. அதே ஆண்டு 15-ஆவதாகப் போன யானிஸ் ஆன்டெடோகூன்போ மில்வாக்கிக்குக் கோப்பை வாங்கித் தந்தார். 2014-இல் 41-ஆவதாக டென்வர் எடுத்த நிக்கோலா யோக்கிச்சின் பெயர் வந்தபோது தொலைக்காட்சியில் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பிறகு மூன்று முறை லீகின் மிகச்சிறந்த வீரரானார்.

2013-இல் பிலடெல்ஃபியா 76-யர்ஸின் பொது மேலாளராக வந்த சாம் ஹிங்கி தோல்வியைத் திட்டமாகவே ஆக்கினார். நடுத்தர அணியாக இழுத்துக்கொண்டிருப்பதைவிட அடிமட்டத்துக்குப் போய் தேர்வுகளைக் குவிப்பது மேல் என்பது அவர் கணக்கு. மூன்று சீசன்களில் 19, 18, 10 என 47 வெற்றிகள். ஆச்சரியம், ரசிகர்களில் பெரும்பகுதி அவரோடு நின்றதுதான். அந்தத் திட்டத்துக்கு ‘ப்ராசஸ்’ என்று பெயர் வைத்து அரங்கில் கோஷமாகவே முழங்கினார்கள். ஜோயல் எம்பீடு அதன் பலன், கோப்பை வரவில்லை. தன் அணி தோற்பதைப் பார்த்து நிம்மதி அடையும் ரசிகர் கூட்டம் உருவானது லீகுக்கு நேர்ந்த பெரிய சேதம் என்றே சொல்ல வேண்டும். டிக்கெட் வாங்கி வந்த சிறுவனுக்கு அன்றைய ஆட்டத்தில் ஜெயிக்க முயலாத அணியைக் காட்டுவது எந்தக் கணக்கிலும் நியாயமாகாது. 2014-இல் விதியை மாற்றும் முயற்சிக்கு 30 உரிமையாளர்களில் 23 பேரின் ஆதரவு தேவைப்பட்டது. 17 பேரே கைதூக்கினார்கள்.

2017-இல் மாற்றம் நிறைவேறி 2019 முதல் நடப்புக்கு வந்தது. கடைசி மூன்று அணிகளுக்கும் தலா 14 சதவீதம். குலுக்கல் முதல் நான்கு இடங்களுக்கு. கடைசி அணி ஐந்தாவது இடத்துக்கு இறங்கும் வாய்ப்பு 47.9 சதவீதம். முதல் ஆண்டே 6 சதவீத வாய்ப்பிலிருந்த நியூ ஆர்லியன்ஸ் பெலிகன்ஸுக்கு ஜயன் வில்லியம்சன் கிடைத்தார். ஆனால் டேங்கிங் ஒழியவில்லை. முதல் பத்துக்குள் விழுந்தால் தேர்வு தன்னிடமே நிற்கும், இல்லையேல் நிக்ஸுக்குப் போகும் என்ற நிலையில் இருந்த டல்லாஸ் மாவெரிக்ஸ், 2023 ஏப்ரலில் தகுதிச் சுற்று வாய்ப்பு மிச்சமிருந்தபோதே முக்கிய வீரர்களை உட்காரவைத்துத் தோற்றது. லீக் 7,50,000 டாலர் அபராதம் போட்டது. டல்லாஸ் அந்தத் தேர்வைக் காப்பாற்றிக்கொண்டது.

புதிய விதியின் முழுச் சுமையையும் சுமந்தது டெட்ராய்ட். 2021-இல் குலுக்கலில் வென்று கேட் கன்னிங்ஹாமை எடுத்த அணி, அடுத்த மூன்று ஆண்டும் அடிமட்டத்தில் முடித்து, மூன்று முறையும் ஐந்தாவது தேர்வே பெற்றது. 2023-இல் எல்லோரும் தவம் கிடந்த விக்டர் வெம்பன்யாமா சான் அன்டோனியோவுக்குப் போனார். மிக மோசமான கணக்கு வைத்திருந்தது டெட்ராய்ட். அடுத்த சீசனில் தொடர்ந்து 28 ஆட்டங்கள் தோற்று, 14 வெற்றியுடன் முடித்தும் அதே ஐந்து. 3 சதவீத வாய்ப்பிலிருந்த அட்லாண்டா முதலிடம். குலுக்கல் கைவிட்ட பிறகு, 2024-25-இல் அதே கன்னிங்ஹாமைச் சுற்றி அனுபவசாலிகளைச் சேர்த்து புதுப் பயிற்சியாளரின் கீழ் டெட்ராய்ட் 44 ஆட்டங்கள் வென்று பிளே-ஆஃபில் நுழைந்தது.

2025 மே 12 அன்று சிகாகோவில் நடந்த குலுக்கலில் 1.8 சதவீத வாய்ப்புடன் இருந்த டல்லாஸ் முதலிடம் பெற்றது. மூன்று மாதம் முன்புதான் லூகா டோன்சிச்சை லேக்கர்ஸுக்குக் கைமாற்றி ஊர் ரசிகர்களின் கோபத்தை வாங்கிக்கட்டிக்கொண்ட அணி, டியூக் பல்கலைக்கழகத்தின் கூப்பர் ஃபிளாக்கை எடுத்தது. 17 ஆட்டங்கள் மட்டும் வென்று கடைசியில் நின்ற யூட்டா ஜாஸுக்குக் கிடைத்தது ஐந்தாவது தேர்வு.