சனிக்கிழமை யாத்திரிகர்கள்

ஜெர்மனியில் திங்கட்கிழமையன்று ஊர் பார்க்கக் கிளம்பாதீர்கள். பெரும்பாலான காட்சிசாலைகள் அன்றுதான் பூட்டிக் கிடக்கும். பூட்டிய கதவின் முன் நின்று, சொந்தச் செலவில் நான் கற்ற பாடம் இது. எனக்கு ஆறுதல் சொன்னவர்கள், இதே பாடத்தை இதே விதமாகக் கற்றிருந்த ஒரு வயோதிகத் தம்பதி.

லைப்சிக் நகரில் என் அக்காள் மகன் உத்தியோகம் பார்க்கிறான். அவன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அவர்கள் கீழ்த்தளத்தில் குடியிருந்தார்கள். அமெரிக்கர்கள். பெரியவர் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது எழுபது. அம்மாளுக்கு இரண்டு மூன்று வயது குறைவு. பேரன் பேத்தி எடுத்த பிறகு, தங்கள் சபையின் சார்பில் ஒன்றரை வருஷ ஊழியத்துக்காகக் கைக்காசைச் செலவழித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

மிஷனரி என்றாலே நீண்ட தாடியும் வெள்ளை அங்கியும் பாய்மரக் கப்பலும்தான் என் மனத்தில் தோன்றும். அவர்கள் ஐரோப்பாவிலிருந்து நம் பக்கம் வந்தவர்கள். ஐரோப்பாவுக்கே மிஷனரிகள் வருவது எனக்கு வேடிக்கையாக இருந்தது. "எங்கள் ஊரில் கொல்லன் தெருவில் ஊசி விற்பது என்று சொல்வோம்" என்றேன். பெரியவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எத்தனை ஊசி விற்றது என்று மட்டும் கேட்காதீர்கள்!" என்றார்.

வாரம் முழுவதும் அவர்களுக்கு வேலை உண்டு. சபைக் கணக்கு, நோயாளிகளைப் பார்த்து வருதல், வீடு வீடாகப் போய்ப் பேசுதல். சனிக்கிழமை மட்டும் விடுமுறை. ரொட்டி, அவித்த முட்டை, ஆப்பிள் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு காலை ரயிலில் கிளம்பினால் இருட்டும்போது திரும்புவார்கள். நாம் கட்டுச்சாதம் கட்டிக்கொண்டு போவதில்லையா, அந்த மாதிரி. ஒரு நாளைக்கு ஓர் ஊர்; அம்மாளின் நோட்டில் ஓர் ஊருக்கு இரண்டு பக்கம்.

விட்டன்பர்க் போய் வந்த கதையைப் பெரியவர் சொன்னார். 1517-ஆம் வருஷம் அக்டோபர் 31-ஆம் தேதி மார்ட்டின் லூதர் தமது 95 வாதங்களை ஒரு மாதாகோயில் கதவில் ஆணி அடித்து மாட்டினார் என்பது பிரசித்தம். உண்மையிலேயே மாட்டினாரா என்பதில் சரித்திரக்காரர்களுக்குள் வழக்கு இருக்கிறது. எப்படியானாலும் அந்தக் கதவு இப்போது இல்லை. 1760-இல் யுத்தத்தில் எரிந்து போயிற்று. இன்று அங்கே நிற்பது 1858-இல் வைத்த வெண்கலக் கதவு. "கதவைப் பார்க்கப் போனோம். கதவு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டு வந்தோம்" என்றார். டிரெஸ்டனிலும் அப்படித்தான். 1945 பிப்ரவரியில் குண்டுவீச்சில் விழுந்த பெரிய மாதாகோயிலை மறுபடி கட்டி 2005-இல் திறந்தார்கள். புதுச் சுவரில் அங்கங்கே கறுப்பாகத் தெரிபவைதான் பழைய கற்கள். அம்மாள் அந்தக் கறுப்புக் கற்களை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டாராம்.

"அடுத்த சனிக்கிழமை ஹாலேக்குப் போகிறோம். நீங்களும் வாருங்கள். அங்கே உங்கள் ஊர்ச் சாமான் ஏதோ இருக்கிறதாம்" என்று அழைத்தார்கள். புறப்பட்டேன். லைப்சிக்கிலிருந்து ஹாலே அதிக தூரமில்லை. ரயிலடியில் நான் காபி வாங்கினேன். அவர்கள் சபையில் காபியும் தேநீரும் விலக்கு. கும்பகோணத்துக்காரனான நான் அந்த ஒரு காரணத்துக்காகவே அவர்கள் சபையில் சேரமுடியாது என்றேன். அம்மாள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

ஹாலேயில் நாங்கள் பார்க்கப் போனது பிராங்கே என்ற பாதிரியார் கட்டிய தர்ம ஸ்தாபனம். 1695-இல் உண்டியலில் யாரோ போட்ட நாலு தாலர், பதினாறு குரோஷனை முதலாக வைத்து ஏழைப் பிள்ளைகளுக்கு அவர் பள்ளிக்கூடம் தொடங்கினார். அது அநாதை விடுதி, அச்சுக்கூடம், மருந்துச்சாலை என்று தனி ஊராகவே வளர்ந்தது. விடுதியின் உச்சித் தளத்தில் பிள்ளைகள் உலகத்தை அறிவதற்காக ஒரு விந்தைக்கூடம். கூரையிலிருந்து ஒரு முதலை தொங்குகிறது. அலமாரிகளில் சங்கு, பாம்பு, பவளம், பல தேசத்துச் செருப்புகள்.

அவற்றின் நடுவே, கண்ணாடிக்குப் பின்னால், பனை ஓலை!

"இன்று நீங்கள்தான் எங்களுக்கு வழிகாட்டி. படித்துச் சொல்லுங்கள்" என்றார் பெரியவர். குனிந்து பார்த்தேன். ஓலையில் புள்ளி கிடையாது, வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி கிடையாது. எழுத்துக்கூட்டிப் பத்து எழுத்துக்கு மேல் என்னால் போக முடியவில்லை. தமிழ் எழுதிப் பிழைக்கிறவன் நான், வெட்கமாகத்தான் இருந்தது. படிக்கத் தெரியாததை மறைக்க, கதை சொல்ல ஆரம்பித்தேன்.

இந்த ஹாலேயில் கொஞ்ச காலம் படித்த சீகன்பால்கு என்ற வாலிபர், டென்மார்க் அரசர் அனுப்பி, 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ 24. போதிக்க வந்தவர் முதலில் செய்த காரியம், பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழ் எழுதிப் பழகியதுதான். சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களுக்கு 1708-இல் ஒரு ஜாபிதாவே எழுதினார்; அதில் திருக்குறளும் உண்டு. அவர் மொழிபெயர்த்த தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் அச்சாகி முடிந்தது. 1719-இல், 36 வயதில், தரங்கம்பாடியிலேயே காலமானார்.

அவர் இன்னொரு புத்தகமும் எழுதினார். தென்னாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஜனங்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததைத் தொகுத்து, 1713-இல் ஹாலேக்கு அனுப்பினார். பிராங்கே அதை அச்சிட மறுத்துவிட்டார். அஞ்ஞானத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதை ஐரோப்பாவில் பரப்புவதாவது என்பது அவர் நியாயம். 1867-இல்தான் அந்தப் புத்தகம் அச்சாயிற்று. அதுவும் ஹாலேயில் அல்ல, சென்னையில். நூற்றைம்பத்து நாலு வருஷம்! முதலையைத் தொங்கவிட இடமிருந்த ஊரில் அந்தக் கையெழுத்துப் பிரதிக்கு இடமில்லாமல் போயிற்று.

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. வெளியே வந்து முற்றத்துப் பெஞ்சியில் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"மாதாமாதம் நானும் அறிக்கை அனுப்புகிறேன். எத்தனை வீடு போனோம், எத்தனை பேரிடம் பேசினோம் என்று அதில் கட்டம் போட்டிருக்கும். எங்கள் தெருவில் ஒரு கிழவர் இருக்கிறார். 1989 அக்டோபர் 9-ஆம் தேதி லைப்சிக் வீதியில் எழுபதினாயிரம் பேர் நடந்தார்களே, அதில் அவரும் ஒருவர். சுடுவார்களோ என்று வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் போனாராம். அவருக்கு உபதேசம் செய்யப் போய், மூன்று தரம் அவர் கதையைக் கேட்டுவிட்டு வந்தேன். அதை எழுதக் கட்டம் இல்லை."

"என் நோட்டில் இருக்கிறது" என்றார் அம்மாள்.

"நூற்றைம்பத்து நாலு வருஷம் அதைப் பெட்டியில் போட்டு வைத்துவிடாதீர்கள், அம்மா" என்றேன். அம்மாள் சிரித்தார். பெரியவர் சிரிக்கவில்லை.

எனக்கும் சிரிப்பு நிலைக்கவில்லை. தரங்கம்பாடிக்கு நான் எத்தனையோ தரம் போயிருக்கிறேன். கடலைப் பார்த்து, கோட்டையைச் சுற்றி, மீன் சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலம் பஸ் ஏறுவேன். அங்கே கேட்டு வைத்திருக்க வேண்டியதைக் கேட்காமல் விட்டு, ஹாலேயில் நின்று பத்து எழுத்துப் படிக்கத் திணறினேன்.

ரயிலில் அம்மாள் நோட்டை விரித்தார். இந்த ஊருக்குத் தமிழர் யாராவது முன்பு வந்ததுண்டா என்று கேட்டார். உண்டு. 1714-இல் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குத் திரும்பிய போது மலையப்பன் என்ற தமிழ் வாலிபரைக் கூட்டி வந்தார். 1716-இல் ஹாலேயில் அச்சான லத்தீன் மொழித் தமிழ் இலக்கணத்துக்கு அருகிருந்து உதவியவர் அவர். பனியையும் மாதாகோயில்களையும் அவர் எப்படிப் பார்த்திருப்பார்! அதை யாராவது அவரிடம் கேட்டு எழுதி வைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

"அவர் பெயரை உங்கள் எழுத்திலேயே எழுதுங்கள்" என்று அம்மாள் நோட்டை என் பக்கம் நகர்த்தினார். ஓடும் ரயிலில் கை ஆடாமல் பார்த்துக்கொண்டு, புள்ளி வைத்து, "மலையப்பன்" என்று எழுதிக் கொடுத்தேன்.